கண்ணனூருக்கு இரண்டரை மணிக்கூர்

பெரியத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் சோறு தின்கிற விதம்தான். இலையில் சோறு விழ வேண்டியதுதான், குனிந்து வாரிப் போடத் தொடங்கிவிடுவார். அவர் மென்று நான் பார்த்ததில்லை. மீன் முள்ளைத் துப்பக்கூட நிற்காமல் கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டே போவார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துப்பாக இலை ஓரத்தில் துப்புவார். மற்றவர்கள் குழம்பிலிருந்து ரசத்துக்கு வருவதற்குள் கை கழுவிவிட்டு வந்து பந்திக்கு முன்னால் நின்று, "நான் தீந்தாச்சு, கேட்டியளா" என்பார். பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து இலைக்காரருடைய சோற்றில் இவர் வாயிலிருந்து தெறித்த பருக்கை கிடக்கும். அவரும் சிரிப்பார்.

அவர் எனக்கு நேர் சொந்தம் இல்லை. என் அக்காளின் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்த அண்ணன். அக்காள் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கோட்டாற்றில் மலஞ்சரக்குக் கடை வைத்திருந்தார். மிளகு, சுக்கு, பாக்கு எல்லாம் மூடை மூடையாக வந்து போகும். வியாபாரத்தில் சுத்தமான ஆள். யாரையும் ஏமாற்றினார் என்று கேள்விப்பட்டதில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவரை வெறும் அயோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள். அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யாராவது வந்தால் "சொகந்தானா" என்று கேட்போம். பெரியத்தான், "எத்தன மணிக்கூர் ஆச்சு?" என்று கேட்பார். தக்கலையிலிருந்து வந்தவரானாலும் அருமனையிலிருந்து வந்தவரானாலும் அதே கேள்விதான். என்ன பதில் சொன்னாலும் தொண்டைக்குள் ஒரு சிரிப்புச் சிரித்து, "நான்னா அதுல பாதியில வந்திருப்பேன்" என்பார். வந்தவர் எதற்கு வந்தார் என்பது அவர் காதில் விழாது. ஒருதடவை அருமனையிலிருந்து ஒருவர் தன் தகப்பன் செத்துப்போன செய்தியைச் சொல்ல வந்தார். சொல்லவிடாமல் எந்தத் தடத்தில் வந்தாய், எங்கே காளையை அவிழ்த்தாய் என்று கேட்டு, வேறு குறுக்குத்தடம் ஒன்றை மண்ணில் விரலால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் அழுகையை அடக்கிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தபடி நின்றார்.

இந்தச் சம்பந்தம் வருவதற்கு முன்பே அவர் அப்பாவுக்குப் பழக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவரிடம் சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். கடியப்பட்டணத்தில் மடிவலை கரையேறுகிற நேரத்துக்குப் போய், துடிக்கிற மீனை வாங்கி, துடிப்பு அடங்குவதற்குள் நாகர்கோவில் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று பந்தயம் கட்டினார். கொண்டும் வந்தார். வழியில் ஒரு மீன்காரக் கிழவியை இடித்துவிட்டு, அவள் கடவப்பெட்டியோடு ஓடைக்குள் விழுந்ததைப் பார்த்துவிட்டு, நிற்காமல் வந்தார். இதை அவரேதான் சொன்னார். அப்பா, "எறங்கிப் பாக்கலியா?" என்று கேட்டார்.

"எறங்கியிருந்தா பந்தயம் போயிருக்கும்லா" என்றார் பெரியத்தான். மறைக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. அந்த மீனை எங்கள் வீட்டில்தான் குழம்பு வைத்தார்கள். நான் தொடவில்லை.

சைக்கிள் போய் மோட்டார் கார் வந்தது. அக்காளின் கல்யாணத்துக்குப் பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வயல்களுக்கு நடுவே போகிற அந்த ரோட்டில் அவர் ஓட்டிய ஓட்டத்தில் அக்காள் கல்யாணப் பட்டில் வாந்தி எடுத்தாள். துணைக்குப் போன நான் என் தாவணியால் துடைத்துவிட்டேன். கோயிலுக்குப் போய் இறங்கினால் அங்கே ஒருவருமில்லை. போதகர் வரவில்லை, மாப்பிள்ளை வரவில்லை, கதவே திறக்கவில்லை. வெயிலில், வாந்தி நாற்றத்தோடு, வேலியோரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பெரியத்தான் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "பாத்தியா மக்கா, எப்படிக் கொண்டாந்து விட்டேன்" என்றார்.

ஆனாலும் ஊருக்கு அவர் வேண்டப்பட்டவர். ஒரு வீட்டில் துன்பம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர் என்று பெயர். அது உண்மைதான். முதலில் வருவார். படுத்திருக்கிறவரை ஒரு பார்வை பார்ப்பார், இரண்டு வார்த்தை சொல்வார், அதோடு போய்விடுவார். முதலில் வந்ததைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அத்தான் வேறு மாதிரி. மெதுவான மனுஷர். வடக்கே மலபாரில், கண்ணனூரில் ஒரு நெசவாலையில் கணக்கு எழுதுகிற வேலை. கல்யாணமானதும் அக்காளையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். முதல் பிரசவத்துக்கு அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் பிள்ளை பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்த அத்தான் வரவில்லை, காய்ச்சல் என்று எழுதினார். புதுவருஷம் பிறந்து சில நாளில் தந்தி வந்தது. டைபாய்டு, நிலைமை மோசம், உடனே வரவும்.

தந்தி எங்களுக்கு வந்த அன்று மத்தியானமே பெரியத்தானும் வந்துவிட்டார். அன்று வியாழக்கிழமை. அப்போது திருவனந்தபுரத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு வெளியைச் சமமாக்கி ஆகாய விமானம் இறக்கத் தொடங்கியிருந்தார்கள். தபால் கொண்டுபோகிற சின்ன விமானம், வாரத்துக்கு ஒருமுறை வடக்கே பம்பாய்க்குப் போகும். போகிற வழியில் கண்ணனூர் மைதானத்தில் இறங்கும். திரும்பும்போதும் அங்கே இறங்கித்தான் வரும். தபால் மூட்டை போக ஒரு ஆளுக்கு இடம் இருக்கும். இந்த விவரமெல்லாம் எங்கள் ஊரில் பெரியத்தானுக்கு மட்டும்தான் தெரியும். விமானம் வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கவென்றே அவர் திருவனந்தபுரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலம்பற பறக்கு. இருநூற்றம்பது மைல் சொச்சம். ரெண்டர மணிக்கூர்ல கண்ணனூர்" என்றார்.

அக்காள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்த எடத்த எனக்கு வாங்கித் தாங்க பெரியத்தான். பிள்ளைய மடியில வச்சுக்கிடுவேன். அவிய இன்னும் பிள்ளைய பாக்கல்ல" என்றாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

பெரியத்தான் சங்கிலியைத் தொடவில்லை. "அதெல்லாம் வேண்டாம் பிள்ளே. அதுல பெம்பிளையள ஏத்த மாட்டாவ. கைப்பிள்ளய ஏத்தவே மாட்டாவ. சட்டம் அப்படி. நான் போயி அவனப் பாத்துக்கிடுதேன். நீ அப்பாகூட ரயில்ல பைய வா."

அப்பா தலையாட்டினார். விமானத்தைப் பற்றிப் பெரியத்தான் சொன்னால் மறுத்துப் பேச எங்களில் யாருக்கு என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அவர் காரில் திருவனந்தபுரம் போனார். அதே நேரத்தில் அப்பாவும் அக்காளும் நானும் பிள்ளையோடு திருநெல்வேலி பஸ் ஏறினோம். அங்கிருந்து மதுரை, திண்டுக்கல், போத்தனூர் என்று ரயில் மாறி மாறிப் போக வேண்டும். போத்தனூரில் வண்டி தவறிப்போய்விட்டது, அடுத்ததற்குக் காத்துக் கிடந்தோம். பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அக்காளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம், "பெரியத்தான் இன்னேரம் அவியள்ட்ட சொல்லியிருப்பாவல்லா, நாம வாறோம்னு?" என்று மட்டும் கேட்பாள். "சொல்லியிருப்பாரு, சொல்லியிருப்பாரு" என்பார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணனூரில் இறங்கினோம். ஸ்டேஷனில் அத்தானின் பக்கத்து வீட்டுச் சேச்சி வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அதே ஆலையில் வேலை செய்கிறவள். எங்களைப் பார்த்ததும் அக்காளின் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் கோயில் பக்கம் நடந்தாள். அப்போதே எங்களுக்கு விளங்கிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் செம்மண் குவியல் ஒன்று. மேலே போட்டிருந்த பூ இன்னும் வாடவில்லை. அக்காள், "எப்ப?" என்று கேட்டாள். விடியற்காலையில் உயிர் போயிற்று, மத்தியானத்துக்கு முன்னால் அடக்கம் செய்தாயிற்று என்றாள் சேச்சி.

அன்று ராத்திரி சேச்சி மலையாளத்தில் சொல்லச் சொல்லக் கேட்டோம். வெள்ளிக்கிழமை பெரியத்தான் வந்து இறங்கியபோது அத்தானுக்கு நல்ல நினைவு இருந்தது. அண்ணனை அடையாளம் தெரிந்து சிரித்தாராம். அவள் வருகிறாளா என்று கேட்டாராம். வருகிறாள் என்று சொல்லிவிட்டு, இவர் கட்டிலோரம் நின்றபடியே விமானம் எப்படிப் பறந்தது என்று சொல்லத் தொடங்கினாராம். அதன் பிறகு வீட்டில் இருந்ததைவிட வெளியே இருந்த நேரம்தான் அதிகம். மைதானத்துக்கும் தபாலாபீசுக்கும் நடந்து, திரும்புகிற விமானம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். சனிக்கிழமை முழுவதும் அத்தான் பிழைத்துக் கிடந்தார். தூரத்தில் ரயில் கூவும்போதெல்லாம் கண்ணைத் திறந்து, "அவள் வந்நோ" என்று சேச்சியைக் கேட்டாராம். அந்த ஊரில் இருந்து இருந்து அவருக்கு மலையாளமே வாயில் வந்துகொண்டிருந்தது.

உயிர் போனதும் போதகர் வந்திருக்கிறார். ஞாயிறு ஆராதனை இருக்கிறது, சாயங்காலம் மனைவியும் வந்துவிடுவாள், அவள் முகம் பார்த்த பிறகு அடக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். மார்கழிக் குளிர்தான், உடம்பு கெட்டுப்போகிற காலமில்லை. பெரியத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் நான் இருக்கிறபோதே மண் போட வேண்டும், நான் மத்தியானம் போய்த்தான் ஆக வேண்டும் என்றாராம். அதற்கும் போதகர் இசையாதபோது, டைபாய்டு ஒட்டிக்கொள்கிற நோய், பிரேதத்தை வைத்திருந்தால் தெருவுக்கே பரவும் என்றாராம். அதைக் கேட்டதும் தெருக்காரர்கள் பயந்துவிட்டார்கள். அவசர அவசரமாகப் பெட்டி அடித்தார்கள். மூன்று பிடி மண் போட்டுவிட்டு, கை கழுவக்கூட நிற்காமல், பெரியத்தான் மைதானத்துக்கு நடந்தார்.

அவர் மண் கையோடு விமானத்தில் ஏறியதை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த வயதிலும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலையில் அக்காள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியே கல்லறைக்குப் போனாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பிள்ளையைக் குவியலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, "இன்னா, கொண்டு வந்திருக்கேன்" என்றாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் ஊர் திரும்பியதும், பெரியத்தான்தான் முதலில் வந்தார். வெள்ளைச் சேலையில் அக்காள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே வந்து அப்பாவைப் பார்த்து, "திரும்ப எத்தன மணிக்கூர் ஆச்சு?" என்றார். அப்பாவும் வாய் தவறி, "ரெண்டு நாளு" என்று பதில் சொல்லிவிட்டார். "நான் ஞாயித்துக்கெழம சாயங்காலம் இங்க கடையில இருந்தேன், கேட்டியளா" என்றார் அவர். நாங்கள் கண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கிய அதே சாயங்காலம். அவர் போன பிறகு அப்பா, "பெரியவரு நல்லதுக்குத்தான் செய்திருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்காள் எழுந்து உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஊர்மேலேயே வெறுப்பு வந்தது. ஆகாயத்தில் போய் வந்த முதல் ஆள் என்று பெரியத்தானைக் கொண்டாடினார்கள். கடைக்குப் போகிறவர்கள் சரக்கை மறந்துவிட்டு விமானக் கதை கேட்டார்கள். மேகம் ஈரமா, பறவை இடிக்காதா, மேலேயிருந்து பார்த்தால் நம் ஊர் கோயில் தெரிகிறதா. தம்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் எதற்காகப் போனார் என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

அந்த வருஷம் சபையின் அசன விருந்தில் அக்காளும் நானும் பந்தி விளம்பிக்கொண்டிருந்தோம். பெரியத்தான் வழக்கம்போல முதலில் தின்று முடித்துவிட்டு நின்றபடியே கதை சொன்னார். காதில் பஞ்சு வைத்தது, காலுக்கடியில் தபால் சாக்கு கிடந்தது, கொல்லம் தாண்டியதும் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது, தொப்பியைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்தது, எடுத்ததில் முந்தின நாள் தின்ற மீன் தெரிந்தது. தின்றுகொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ, "பயமா இல்லியா?" என்று கேட்டார்கள்.

"என்ன பயம்? நான் கண்ணனூர்ல எறங்குதேன், அங்க ஒரு வெள்ளக்கார மதாம்மா ஏற நிக்கா. கையில பச்சப்பிள்ள. அவளே பயப்படாம ஏறிப் போறா, எனக்கென்ன" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அக்காள் ஒரு இலைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. கரண்டியை இறக்காமல் அப்படியே அவரைப் பார்த்தாள். அவர் அவளையும் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்போடு. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. அக்காள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அன்று இரவு நான் அவளிடம், "அந்த எடம் ஒனக்குக் கெடச்சிருந்தா வெள்ளியும் சனியும் அத்தான்கூட இருந்திருப்ப" என்று சொல்லி அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "எனக்கு அது அண்ணைக்கே தெரியும்" என்றாள். எது, எப்படி என்று நான் கேட்கவில்லை.

பிறகு அக்காள் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள். நானும் வாத்தியார் பயிற்சி முடித்து அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பெரியத்தான் கோட்டாற்றுத் தெருவில் எதிர்ப்பட்டால் அக்காள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள். அவள் ஏதோ மனத்தாங்கலாக இருக்கிறாள் என்பது மட்டும் நாளாவட்டத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு உட்காரக்கூடச் செய்தார்.

"பிள்ளே, ஒனக்கு எம்மேல வருத்தம் உண்டு. எனக்குத் தெரியும்" என்றார்.

அக்காள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிர்ந்தாள். நானும் நிமிர்ந்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் எப்படி வரும் என்று பார்க்க எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"அண்ணைக்கு நீ ஆகாசத்துல போகணும்னு ஆசப்பட்ட. நான் போயிட்டேன். அந்த வருத்தந்தானே? செரி, வாற வாரம் ஒன்னக் கொண்டு போறேன். துட்டு நான் குடுக்கேன். இப்ப ரெண்டு ஆளுக்கு எடம் போட்டிருக்கான். கண்ணனூர்ல அரை மணிக்கூர் நிக்கும், பைலட்டுகிட்ட நான் பேசுதேன், கூடக் கொஞ்சம் நிறுத்துவான். கல்லறத்தோட்டம் மைதானத்துக்குக் கிட்டதான். ஓடிப்போயி ஒரு பார்வ பாத்துட்டு அதிலயே ஏறிரலாம். பம்பாயையும் பாத்துட்டுத் திரும்பிரலாம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு பெரிய வெகுமதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டவர்போல உட்கார்ந்திருந்தார். அக்காளுக்குக் கல்லறைக்குப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட விடுமுறையும், எங்கள் மூன்று பேரின் ரயில் செலவும் ஒருங்கே கூடி வராமல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்தேன்.

அக்காள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "வேண்டாம் பெரியத்தான்" என்றாள். "அவிய அங்கேருந்து எங்கயும் போகப்போறதில்ல. நான் ரயில்ல பைய போயிக்கிடுதேன்."

குரலில் கோபமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ உள்ளே இறங்குகிறது என்று நினைத்தேன். பிறகு அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"ரயில்லன்னா ரெண்டு நாளு ஆகுமே மக்கா" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்காக இரங்கித்தான் சொன்னார். கண்ணில்கூட லேசாக நீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்க் காறித் துப்பினேன்.